நைனாவின் சவாசனம்

எங்கள் நைனா யோகா கற்றுக்கொண்டது உடம்பு தேறுவதற்காக அல்ல, டபுள் ஷிஃப்ட் பார்ப்பதற்காக. உலகத்திலேயே அந்தக் காரணத்துக்காக யோகா கற்ற அப்பா எனக்குத்தான் வாய்த்திருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கம்பி உருட்டும் மில்லில் அவருக்கு வேலை. பழுக்கக் காய்ந்து சீறி வரும் கம்பியைக் குறட்டால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். கான்ட்ராக்ட் ஆள். கூப்பிட்டபோதெல்லாம் டபுள் பார்க்கிறவனைத்தான் பர்மனென்ட் பண்ணுவார்கள் என்று சூப்பர்வைசர் ஆசை காட்டி வைத்திருந்தார். தூக்கக் கலக்கத்தில் ஆட்கள் அடிபடுவது அதிகமானபோது கம்பெனிக்காரர்கள் டபுளை நிறுத்தவில்லை. யோகா மாஸ்டர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள்.

மாஸ்டர் நல்லவர்தான். சாப்பாடோ வேலையோ தூக்கமோ எதுவும் மிதமாக இருக்க வேண்டும், பிராணசக்தியை வாரி இறைக்கக் கூடாது என்று சொன்னாராம். நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் சொன்ன ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சவாசனத்தில் கொஞ்ச நேரம் கிடந்தால் நன்றாகத் தூங்கி எழுந்த தெம்பு வரும் என்பதுதான் அது.

அன்றிலிருந்து ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, பாயில் மல்லாந்து கிடப்பார். மில்லில் சங்கு ஊதியதும் எழுப்புவது என் வேலை. உலுக்கக் கூடாது, வலது கால் கட்டைவிரலை மெல்லத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய பதவி. தம்பியைப் பக்கத்திலேயே விட மாட்டேன்.

“சக்திய மிச்சம் புடிக்கத்தான அந்தாளு சொன்னாரு? நீ இன்னாடான்னா மிச்சம் புட்ச்சதையும் மில்லுல கொண்டும்போயி கொட்டிக்கினு கீற,” என்று அம்மா ஒருநாள் கத்தினாள்.

“பர்மனென்ட் ஆவட்டும். அப்பால உன் பேச்ச கேட்டுக்கினு ஊட்லயே கெடக்கறேன், போதுமா?” என்று சிரித்தார் நைனா.

அந்த வாரம் முழுக்க டபுள். ஒரு மதியம் கட்டைவிரலைத் தொட்டும் அவர் அசையவில்லை. மறுபடி தொட்டதும் திடுக்கிட்டு எழுந்து, “விடிஞ்சிட்ச்சா?” என்றார். வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே முகம் கழுவிவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் மில்லிலிருந்து ஆட்கள் வந்து அம்மாவை அழைத்துப் போனார்கள். நைனா கையில் குறடோடு நின்றபடியே கண்ணயர்ந்திருக்கிறார். வந்த கம்பி அவர் காலைச் சுற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பர்மனென்ட் பேச்சு அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு நைனா நாள் முழுக்க அதே பாயில் மல்லாந்து கிடந்தார். மதியம் சங்கு ஊதியது. பழக்க தோஷத்தில் ஓடினேன். போர்வைக்குக் கீழே வலது பக்கம் தட்டையாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது கால் கட்டைவிரலைத் தொட்டேன். அவர் தூங்கவே இல்லை.

“சங்கு ஊதினா ஊதட்டும்மா. நீ போயி வெளையாடு,” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சத்தம் போடாமல் வெளியே வந்தேன். நைனா இப்போதுதான் சவாசனத்தை முழுசாகக் கற்றுக்கொண்டிருக்கிறார், சங்கு ஊதினால்கூட எழுந்திருப்பதில்லை என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன்.