ஒருவர்கூட அங்கே இல்லை

மேடை மொழிபெயர்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்க முடியாது. அதனால்தான் அரசின் செய்தித் தொடர்பாளர் சொன்ன ஒரு பொய்யை ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில், கூட்டம் நிரம்பியிருக்க, என் குரலில் நான் சொன்னேன்.

அவர் டெல்லியிலிருந்து வந்திருந்தார். டிவியில் தினமும் வருகிற முகம். உலகில் நம் நாட்டின் இடம் என்ன என்பதுதான் பேச்சு. ஏற்பாடு செய்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி. கூட்டத்துக்கு முன் என்னை விசாரித்தார்.

“எந்த ஊரும்மா நீ?”

“அரியமங்கலம் சார்.”

“அப்பா என்ன பண்றார்?”

“பட்டறையில வேலை.”

“அப்படியா! இங்கிலீஷ் நன்னா வர்றதே. யார் சொல்லிக் குடுத்தா?”

“நானா படிச்சேன் சார்.”

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இன்று ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அந்தப் பெருமையில் யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை. கொடுப்பதென்றால் அண்ணனுக்கு மட்டும். அவன் எட்டாவதோடு நின்று வெல்டிங் பழகி வளைகுடாவுக்குப் போனதால்தான் நான் கல்லூரிப் படியேறினேன்.

அந்த அண்ணன்தான் அப்போது போருக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். கம்பெனி முதலாளி தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டுகளோடு காணாமல் போயிருந்தான். ஒரே அறையில் பன்னிரண்டு பேர். அம்மா திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். டெல்லிக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். டெல்லியிலிருந்து பதில் இல்லை. மனு ரசீதை மட்டும் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, போகிற இடமெல்லாம் கொண்டுபோனாள்.

அந்த டெல்லிக்காரரோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசக் கிடைக்கும் என்றுதான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். கிடைக்கவில்லை. காரிலிருந்து இறங்கினார், மாலை வாங்கினார், மைக்கைப் பிடித்தார்.

நாம் யாருக்கும் தலைவணங்க மாட்டோம் என்றார். வல்லரசுகள் நம்மைக் கேட்டுத்தான் அடுத்த அடி வைக்கின்றன என்றார். உள்நாட்டில் குறை சொல்கிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ எதிரிக்கு வேலை செய்கிறார்கள் என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டலுக்காக நிறுத்தினார். தமிழில் நான் சொன்ன பிறகுதான் கைதட்டல் வந்தது. அதையும் அவரே வாங்கிக்கொண்டார்.

பிறகு போரைப் பற்றிப் பேசினார். “நம் மக்கள் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம். ஒருவர்கூட அங்கே இல்லை.”

அன்று காலைதான் அண்ணன் போனில் பேசியிருந்தான். ஆனாலும் சொன்னேன்: “ஒருவர்கூட அங்கே இல்லை.” கைதட்டினார்கள்.

கேள்விகளைச் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டாளர் படித்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார். இரண்டு சீட்டு முடிந்தபோது பெண்கள் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். என் அம்மா. மேடையில் என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர்.

“சீட்டுல எழுதிக் குடுங்கோம்மா” என்றார் ஏற்பாட்டாளர்.

“எனக்கு எழுதத் தெரியாதுங்க. பேசத் தெரியும்” என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. “ஐயா, எம்பையன் அங்கதான் இருக்கான். பன்னெண்டு பேரு ஒரு ரூம்ல கெடக்குறாங்க. பாஸ்போர்ட்டு இல்ல. ஒருத்தர்கூட இல்லன்னு சொல்றீங்களே, அப்ப இந்தப் பன்னெண்டு பேரு யாரு?”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘என் மகன் அங்கே இருக்கிறான்’ என்று என் அண்ணனைச் சொன்னேன். அவள் என் அம்மா என்று அவரிடம் சொல்லவில்லை. வழக்கப்படி அதைச் சொல்லக் கூடாது.

அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னதால் கூட்டத்தில் பாதிப் பேர் ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். ஏற்பாட்டாளர் என் பக்கம் குனிந்தார். “மிருதுவா சொல்லிடும்மா. ‘ஆவன செய்வோம்’னு முடிச்சுடு. அதான் எல்லாருக்கும் க்ஷேமம்.”

எல்லா மேடையிலும் இதைத்தான் செய்வோம். பெரியவர்கள் கடுமையாகச் சொன்னதைச் சர்க்கரை போட்டுக் கொடுப்போம். நானும் பல முறை போட்டிருக்கிறேன். அன்று போடவில்லை. அம்மாவைப் பார்த்து, டெல்லிக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“உங்க பையன் மாதிரி ஆளுங்க கள்ள ஏஜென்ட்டை நம்பிப் போறீங்க. மாட்டிக்கிட்டா நாட்டைக் குறை சொல்றீங்க. அரசாங்கம் உங்களுக்கு ஆயா வேலை பார்க்க முடியாது. இந்த மாதிரி கேள்வியெல்லாம் நாட்டோட பேரைக் கெடுக்கத்தான்.”

அவர் ஆங்கிலத்தில் சொன்ன சொல்லுக்கு எங்கள் வீட்டில் ‘ஆயா’ என்றுதான் பெயர். அம்மா காட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த வேலைதான் பார்க்கிறாள்.

மண்டபத்தில் சலசலப்பு. அவர் என் பக்கம் திரும்பி, என்ன சொன்னாய் என்று கேட்டார். நீங்கள் சொன்னதை என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

“ஆயா வேலை லேசுன்னு நெனச்சீங்களா? சாயந்தரம் புள்ளைங்கள எண்ணித்தான் வேன்ல ஏத்துவேன். ஒண்ணு கொறஞ்சாலும் வண்டிய எடுக்க விடமாட்டேன். டிரைவர் கத்துவான். கத்திட்டுப் போகட்டும். நீங்க எண்ணாமயே எல்லாரும் வந்தாச்சுங்குறீங்க.”

அதையும் ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருடைய சிரிப்பு போயிற்று. உதவியாளர் ஒருவர் இறங்கி வந்து அம்மாவின் ரசீதை போனில் படம் எடுத்துக்கொண்டார். தேசிய கீதம் பாடிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

“நன்னாத்தான் பேசற. ஆனா இனிமே உன்னைக் கூப்பிட முடியாது” என்றார் ஏற்பாட்டாளர். அம்மாவை அறிமுகப்படுத்தி வைத்தேன்.

மறுநாள் டிவியில் அதே ஆள், அதே சிரிப்பு. ஒருவர்கூட அங்கே இல்லை என்று மறுபடி சொன்னார். அன்று மொழிபெயர்க்க நான் இல்லை என்பதுதான் ஒரே வித்தியாசம்.

நாலு நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டான். தூதரகத்திலிருந்து ஆள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனதாகச் சொன்னான். அவன் குரலில் சந்தோஷம். எனக்கு வந்தது கோபம்தான். இல்லாத ஆட்களின் பெயரை எப்படி எழுதினார்களாம்?

அம்மா போனைப் பிடுங்கினாள். “எத்தன பேரு எழுதுனாங்க?”

“பதினோரு பேரும்மா. ஒருத்தன் தண்ணி பிடிக்கப் போயிருந்தான்.”

“அவங்கள திருப்பிக் கூப்புடு. அவன் பேரையும் எழுத வையி. அப்புறம் கெளம்பி வா.”