தையற்காரி திறந்த சுவர்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஊசியும் நூலுமாகவே தன்னை நிமிர்த்திக்கொண்டவள் அந்தத் தையற்காரி. அவள் வேலையில் நொட்டை சொன்னவன் கிடையாது. அப்படிப்பட்டவளை ஒரு வக்கீல் வாசலுக்கு அழைத்து, அவள் தைத்துக் கொடுத்த கறுப்பு அங்கியை வெயிலில் விரித்துக் காட்டினார். தையல் முழுக்கக் கருநீல நூல். அவளது இருட்டறை டியூப்லைட்டில் இரண்டும் ஒரே நிறம்தான்.

பின்முற்றத்தை ஒட்டிய சுவரைத் திறப்பது என்று அன்றே முடிவு கட்டினாள். ஆனால் அது மாடியைத் தாங்கும் சுவர். மாடியில் இருப்பது அண்ணன். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். இந்தமுறை சிக்கியவர் கொத்தனார்.

"சுவத்த இடிச்சா என் வீடு அவ தலையிலதான் விழும்னு சொல்லுங்க."

"அடி படப்போறது நான்தானே. அவரு மெத்தையில விழுற மாதிரி என் மேல விழுவாருன்னு சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றார் கொத்தனார். மாடியை அண்ணாந்து பார்த்தார். "சரி, மேல சுவரோரமா இருக்கிற பீரோவையாவது நகர்த்துங்க."

"நகர்த்த முடியாது" என்றான் அண்ணன்.

"அப்ப அதுக்குள்ளயே அவரையும் உக்காரச் சொல்லுங்க. எல்லா பாரத்துக்கும் சேத்துத்தான் இரும்பு வாங்கியிருக்கேன்."

சுவரின் இருபுறமும் முட்டுக் கொடுத்தார்கள். சுவரின் மேல்வரிசைக் கல்லை மட்டும் முதலில் இடித்து, அங்கே இரும்பு உத்திரத்தை ஏற்றி, அது உட்கார்ந்த பிறகே கீழே கைவைத்தார்கள். வேலை நடந்த அத்தனை நாளும் அண்ணன் மாடியில் வேண்டுமென்றே திம்திம் என்று நடந்தான். ஒரு கீறல்கூட விழவில்லை.

கல் போன இடத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் கண்ணையும் குத்தியது. கறுப்புத் துணி வெயிலில் பளபளத்து, ஊசி போகும் இடமே தெரியவில்லை. அவ்வளவு மல்லுக்கட்டிவிட்டுக் கண் கூசுகிறதென்று யாரிடம் சொல்வாள்? வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம், இருவருக்கும் பொதுவான அந்தப் பின்முற்றத்துத் துணிக்கொடியில், திறப்பை அடைத்தபடி அண்ணனின் வெள்ளைப் போர்வை தொங்கியது. கொடியையே அறுத்துவிடக் கத்தரியோடு எழுந்தவள், மெஷின்மேல் இருந்த நூல்கண்டுகளைப் பார்த்து நின்றாள். போர்வை வழியே வந்த வெளிச்சத்தில் கூச்சமில்லை, நிழலில்லை. கறுப்பு கறுப்பாக, நீலம் நீலமாக இருந்தது.

கத்தரியை வைத்தாள். முற்றத்துக்குப் போய், கொடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"வேணும்னே மறைக்கிறாங்க. நல்லா இருப்பாங்களா?"

மாடியில் அண்ணன் சிரிப்பது கேட்டது. மறுநாளும் போர்வை வந்தது. அவளும் தினம் தவறாமல் கத்தினாள்.

ஒருமுறை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு நாள் சத்தமில்லாமல் போகவே, அண்ணன் சலித்துப்போய்ப் போர்வையை எடுத்துவிட்டான். மேஜைமேல் வக்கீலின் புது அங்கி பாதியில் கிடந்தது. அவள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். முற்றத்துக்கு வந்து, வெறுங்கொடியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பயந்துட்டாங்க போல."

அரை மணி நேரத்தில் போர்வை வந்தது.