அழகர்சாமியின் ரிவர்ஸ் கியர்

மார்க்கையன்கோட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். கூடலூர் ஜீப் டிரைவர் முருகேசன் பின்னால் வந்து குனிந்து, "அழகர்சாமியண்ணே காலையில போயிட்டாக, ரைட்டரே" என்றான். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அவர் ஜீப்பில் ஏறாதவர் எங்கள் பக்கத்தில் குறைவு. குமுளி மலைப்பாதையில் இருபது வருஷம் ஓட்டியவர். நான் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே, ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதும் ரைட்டர். ஒருமுறை மலையிறங்கும்போது வளைவில் ஒரு லாரி எங்கள் மேலேயே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஜீப் மலையை ஒட்டி நின்றிருந்தது. அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடுனா எப்படி ரைட்டரே? நம்மகிட்ட இருக்கது மூணு கியரு. மொதல்ல பாரு, அடுத்து முடிவெடு, அப்புறம் செய்யி. தப்பாப் போச்சா, ரிவர்ஸு இருக்கு. அதப் போட வெக்கப்பட்டவன்தான் பள்ளத்துல கெடக்கான்."

வாழ்க்கையையும் அவர் அப்படித்தான் ஓட்டினார். காப்பி டம்ளர் பிடித்த கை நடுங்குவதைப் பார்த்தார். அன்றோடு சாராயத்தை விட்டார். நாற்பது வயதில் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, மறுநாளே என் கடை வாசலில் உட்கார்ந்து சாக்கு மூட்டைகளின் மேலிருந்த ஊர்ப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். திராட்சைக்கொடி போட்டார், சரிவராது என்று தெரிந்ததும் ஒரே வருஷத்தில் பிடுங்கி எறிந்தார். ஊரே சிரித்தது. "ரிவர்ஸு" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அவர்மேல் பொறாமைதான். சட்டைத் துணி எடுக்கவே மூன்று நாள் யோசிக்கிற ஆள் நான்.

ஒரே மகள் பாண்டியம்மாளைச் சின்னமனூரில் கொடுத்ததும் ஒரே பேச்சில்தான். எட்டு மாதம் கழித்து அவளும் புருஷனும் வந்துவிட்டுத் திரும்பினார்கள். பஸ் நகரும்போது ஜன்னலோரம் அவள் சேலைத் தலைப்பு விலகியது. அவர் அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார். கையில் ஜீப் சாவி.

"கழுத்துல வெரல் தடம் ரைட்டரே. நான் பாத்த மாப்ள. தப்புப் பண்ணிட்டேன். பஸ்ஸ மறிச்சுக் கூட்டியாந்துர்றேன்."

"பொறுங்க" என்றேன். "எட்டு மாசத்துல திரும்பி வந்தா ஊரு என்ன பேசும்? தை பிறக்கட்டும். பெரியாளுகளோட போயிப் பேசுவோம்."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் பொறுத்தது அந்த ஒருமுறைதான். தை பிறப்பதற்குள் அந்தப் பிள்ளையைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் ஜீப் ஓட்டினார். கியர்க் கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் நானே ஆரம்பித்தேன், "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று. அவர் முடிக்க விடவில்லை.

"நீங்க பொறுன்னு சொன்னீக. சாவி என் கையிலதான இருந்துச்சு."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவருக்குக் காரியம் முடிந்த மறுவாரம் முருகேசன் கடைக்கு வந்தான். முகம் சரியில்லை. "எந் தங்கச்சிய அவ புருஷன் அடி அடின்னு அடிக்கிறானாம், ரைட்டரே. இப்பப் போறதா, கொஞ்சம் பொறுத்துப் பாக்குறதா?"

அழகர்சாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அந்த ரிவர்ஸ் கியர். அதுவும் அவர் மகளுக்கு உதவாமல் போனது. "வண்டிய எடு" என்றேன். கடையைச் சாத்தக்கூட இல்லை, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.