கடிபட்டவரின் சிபாரிசு

மலாயாவின் பேராக்கில் பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள் பலர் உண்டு. ஆனால் 1926-இல், சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் தினமும் மாலை நான்கு மணிக்குத் திருடனாக நியமனம் பெற்றவர் மாயாண்டி ஒருவர்தான். காலையில் பால்மரப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பார். மாலையில் இடக்கையில் தேங்காய் நாரும் கோணிச்சாக்கும் சுற்றிக்கொண்டு ஓடுவார். துரை சீமையிலிருந்து கப்பலேற்றி வரவழைத்த பிரின்ஸ் என்ற நாய் அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். புகைவீட்டில் உலரும் ரப்பர் ஷீட்டு களவுபோவதைத் தடுக்க இந்த ஏற்பாடு.

பிரின்ஸ் பிடிக்கத்தான் செய்தது. பிடித்த மறுநொடியே விட்டுவிட்டு, வாலை இடுக்கிக்கொண்டு துரையின் பூட்ஸ் ஓரமாய்ப் படுத்துவிடும். மூன்று வாரம் இதே கதை. கோழை என்று துரை தீர்ப்புச் சொன்னார். வருகிற ஞாயிறும் இப்படியே என்றால் சுட்டுவிடுவதாக முடிவு. தோட்டமே ஒப்புக்கொண்டது, வேறென்ன செய்யும்? ஒப்பாதவர் கடிபட்டவர் மட்டும்.

“கோழைப் பல்லா இது? எப்படி வரிசையா பதிஞ்சிருக்கு பாரு,” என்றார் மாயாண்டி, கன்றிய கைக்கு மஞ்சள் பற்றுப் போட்ட மனைவி வீரம்மாவிடம்.

“கடிச்ச நாய்க்கு நீயே வக்கீலா?”

“அது கண்ணு என்மேல இல்ல புள்ள, துரை வாய்மேல. நான் கையக் குடுத்ததும் அவரு சந்தோசத்துல கத்துறாரு. அதுக்கு ஏச்சுன்னு தோணுது. காலையில பெரட்டுல பேர் கூப்பிடையில அவரு கத்துனா நாம தலைப்பாவ அவுத்துட்டு ஒடுங்கி நிக்கல? அதேதான்.”

துரையிடம் சொல்ல ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம், தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி கார்த்திகேசுவிடம் இருந்தது.

“கிராணி ஐயா, ஞாயித்துக்கிழம துரை வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லணும்.”

“எனக்கு ஏழு பிள்ளையள், மாயாண்டி.”

“நாய்க்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன் ஐயா.”

கார்த்திகேசு ஒரு நாள் முழுக்க யோசித்து, வேட்டை நேரத்தில் மௌனமே துரைமார்க்குக் கம்பீரம் என்று மொழிபெயர்த்தார். துரைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. துரையின் ஒரு கையில் துப்பாக்கி. வாயை அடைத்துப் புகையிலைப் பைப்பு. மாயாண்டி ஓடினார். பிரின்ஸ் பாய்ந்து கவ்விற்று. ஓரக்கண்ணால் துரையைப் பார்த்தது. சத்தமில்லை. இன்னும் அழுத்திற்று. சாக்கு கிழிந்து, நார் தீர்ந்து, பல் சதைக்கு வந்தது. கம்பீரத்தில் ஊறிப்போன துரையோ விடச் சொல்லவும் வாய் திறக்கவில்லை. கிராணி மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். மாயாண்டி ஒரு தடவை அலறியிருந்தால் நாய் விட்டிருக்கும், விட்டிருந்தால் செத்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டார். துரை துப்பாக்கியைப் புகைவீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைதட்டிய பிறகே, தாலாட்டுவது போல, “போதும்டா சாமி, விடு,” என்றார் மாயாண்டி.

தமிழ் தெரியாத பிரின்ஸ் விட்டுவிட்டு, அந்தக் கையையே நக்கிற்று.

நாயின் வார்ப்பட்டை அன்றே துரை கையிலிருந்து திருடன் கைக்கு மாறியது. மறுநாள் முதல் பெரட்டில் மாயாண்டி நாயோடு நின்றார். நாய் மிரளுமே என்று துரை தணிந்த குரலில் பேர் கூப்பிட்டார். நானூறு பேர் பல வருடம் ஒடுங்கி நின்றும் கிடைக்காத மரியாதை அது.

தழும்பைப் பற்றிக் கேட்டவர்களிடம் மாயாண்டி இடக்கையை நீட்டி, “சீமைக் கையெழுத்து,” என்பார்.