பூசைக்குள் ஒரு காதல் பாட்டு

மகளின் கழுத்தில் இருந்த தைரொய்ட் கட்டியை எடுக்கும் முன், குரலுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் பல்கலைக்கழகத்தில் இசை படிப்பவள். ஐரோப்பாவின் பழைய தேவாலய இசையைப் பாடும் ஒரு சிறு குழுவில் மேல்குரல் பாடிவந்தாள். கட்டியில் ஆபத்து எதுவும் இல்லை என்று பின்னர் தெரிந்தது. ஆனால் மயக்கம் தெளிந்து அவள் "அப்பா" என்று வாயசைத்தபோது வெறும் காற்றுத்தான் வந்தது. இன்றும் அவள் இருமினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

குரல் மெல்லத் திரும்பியது. உயரத்துக்கு மட்டும் ஏறவில்லை. கோடை நிகழ்ச்சிக்கு அவளுக்குக் கீழ்க்குரலைக் கொடுத்தார்கள்.

"இதுவும் உடைஞ்சால் பாட்டை விட்டிடுவன்," என்றாள்.

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் தோர்ண்டன் ஹீத்தில், எங்கள் வீட்டுக் குசினியில் வைத்து அந்தக் கீழ்க்குரல் என்னவென்று விளக்கினாள். "முந்திக் கோயிலில எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடினவை. பிறகு அந்த மெட்டைக் கீழ இழுத்து இழுத்துப் பாட, மற்றக் குரல்கள் மேல ஓடத் தொடங்கினது. அரண்மனைக் காதல் பாட்டுகளில தாளம் இன்னும் சிக்கலாச்சு. கடைசியில காதல் பாட்டு மெட்டையே பூசைக்குள்ள கீழ்க்குரலா வைச்சிட்டினம். நான் பாடுறது அதைத்தான்."

மாவு குழைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "பூசைக்குள்ள காதல் பாட்டோ? காணிக்கைப் பாட்டுக்குச் சினிமா மெட்டுப் போட்டதுக்கு எங்கட பங்குச் சுவாமி என்ன கிழி கிழிச்சவர்!"

"நீங்கள் வேகமாப் பாடினபடியால்தான் பிடிபட்டனீங்கள், அம்மா. இழுத்துப் பாடியிருந்தால் சுவாமிக்கு விளங்கியே இராது."

நிகழ்ச்சி நகரின் நடுவே ஒரு பழைய தேவாலயத்தில் நடந்தது. மேலே குரல்கள் ஒன்றையொன்று துரத்தின. அடியில் மகளின் குரல் அவசரமில்லாமல் நடந்தது. ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. அங்கே காதல் பாட்டு எது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மூச்செடுக்கும் இடங்களை மட்டும் கவனித்தேன்.

பூசையில் நாங்கள் பாடும் 'தூயவர்' பாடல் லத்தீனில் வந்தது. "ஓசன்னா" என்று முடிந்ததும், ஞாயிறு பூசையில் தவறாமல் செய்வதுபோல நானும் மனைவியும் முழங்காலில் நின்றுவிட்டோம். வேறொருவரும் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர் குனிந்து, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டார்.

மகள் எங்களைக் கண்டுவிட்டாள். உதட்டைக் கடித்தாள், தோள் குலுங்கியது. அடுத்த பகுதியை அவளுடைய நீண்ட சுரம்தான் தொடங்க வேண்டும். குழுவை நடத்துபவரின் கை உயர்ந்தது. எழும்பினால் இன்னும் சிரித்துவிடுவாள் என்று நான் முழங்காலிலேயே நின்றேன். சுரம் ஒரு நடுக்கத்தோடு வந்து, பிறகு நேராகி, மற்றக் குரல்கள் அதன்மேல் ஏறி இறங்கும்வரை உடையாமல் நின்றது.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அப்பா, கொன்சேர்ட்டில ஆராவது முழங்காலில நிப்பினமே? சிரிப்பில என்ர நோட் போகப் பாத்தது."

"போகேல்லைத்தானே," என்றாள் மனைவி.

"அடுத்தமுறை ரெண்டு பேரும் தூண் மறைவில இருங்கோ."

'அடுத்தமுறை' என்றதை இருவருமே கேட்டோம்.

"ஓம், இருக்கிறம்," என்றேன்.