வளர்கிற பிள்ளைக்கு நாலு விரற்கடை

ஐம்பதுகளின் நடுவில், மாட்டுப்பட்டியில் அணை கட்டி முடித்திருந்த புதிதில் நடந்தது இது. அங்கிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஃபாக்டரியில் நான் ஆசாரி வேலை பார்த்தேன். எனக்கு மண்டைக்கனம் கொஞ்சம் உண்டு என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேசிக்கொள்வார்கள். கொஞ்சமா? நிறையவே இருந்தது. தேயிலைப் பெட்டி அடித்தாலும் சரி, பங்களா ஜன்னல் மாற்றினாலும் சரி, ஒரு தடவை அளந்ததை மறுபடி அளக்கிற வழக்கமே எனக்குக் கிடையாது.

எங்கள் துரை வெள்ளைக்காரர். அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது. வேறொரு மலையில் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவள் குளிர்கால விடுமுறைக்கு வந்திருந்தாள். இந்தத் தடவை அவள் பள்ளிக்குத் திரும்பப் போவதில்லை, கொச்சியில் கப்பல் ஏறிச் சீமைக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள் என்று பங்களா சமையல்காரர் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைமார் கிளப்பில் அப்பா-பிள்ளை ஜோடியாக ஆடும் கோல்ஃப் ஆட்டம் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பந்து. அப்பா ஒரு அடி அடித்தால், அது போய் விழுந்த இடத்திலிருந்து பிள்ளை அடுத்த அடி அடிக்க வேண்டும். அப்பாவும் மகளும் சேர்ந்து ஆட அந்த ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

அவள் உயரத்துக்கு மட்டை எங்கே கிடைக்கும்? துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, சாமான் அறையைத் திறந்துவிட்டார். இரும்புத் தண்டு மட்டைகள் வந்த பிறகு யாரும் தொடாத பழைய மரத்தண்டு மட்டைகள் ஒரு மூலையில் பத்துப் பதினைந்து கிடந்தன. நல்லதாக மூன்று பொறுக்கி, மகளுக்குத் தகுந்தபடி அறுத்துக் கொடு என்றார்.

கோல்ஃப் எனக்குத் தெரியாது. ஆனால் மரம் தெரியுமே! ஒவ்வொன்றையும் ஒரு கையில் தூக்கி மெல்ல ஆட்டிப் பார்த்தேன். தலை கனத்தவற்றை ஒதுக்கினேன். தண்டில் மயிரிழை வெடிப்பு இருந்தவற்றையும் ஒதுக்கினேன். தூரத்துக்கு அடிக்க மரத்தலை ஒன்று, நடுத்தூரத்துக்கு இரும்புத்தலை ஒன்று, குழிக்குப் பக்கத்தில் தள்ள ஒன்று. தேர்வில் ஒரு குறையும் சொல்ல முடியாது, இன்றைக்கும் அதை நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

அப்புறம் பிள்ளையை நிற்க வைத்து அளந்தேன். ஆயா வளர்த்த பிள்ளை என்பதால் எங்கள் லயத்துப் பிள்ளைகள் மாதிரியே தமிழ் பேசினாள். கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரை நூல் பிடித்தேன். அதை வைத்துக் கணக்குப் பண்ணித் தண்டில் கோடு போட்டேன். போட்ட கோட்டுக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி இன்னொரு கோடு போட்டு, அங்கே அறுத்து, நுனியில் பிடிக்காகப் புதுத் தோல் வார் சுற்றினேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? வளர்கிற பிள்ளையாயிற்றே! எங்கள் வீடுகளில் அப்படித்தான். என் மகளுக்கும் அப்போது ஒன்பது வயது. அவள் பாவாடையில் எப்போதும் மூன்று மடிப்புப் பிடித்துத் தைத்திருக்கும், வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்து இறக்குவோம். கம்பளிச் சட்டையின் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கும். போதாக்குறைக்கு, மரத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். சீமையில் இந்தப் பிள்ளைக்கு யார் உட்கார்ந்து மட்டை செய்து கொடுக்கப் போகிறார்கள், இரண்டு மூன்று வருடமாவது வரட்டும் என்று பாசமாகத்தான் நினைத்தேன். மட்டையைக் கையில் வாங்கியதும் அவள், "கொஞ்சம் பெரிசா இருக்கே, ஆசாரி" என்றாள். வளர வளரச் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னேன். துரையும் தலையாட்டினார். பார்க்கிற ஆளிடமெல்லாம் மட்டையின் பெருமையை அளந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பங்களா புல்வெளியில் பயிற்சி நடந்தது. என் பட்டறை ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். அவள் வீசினால் மட்டை பந்துக்கு ஒரு சாண் பின்னாலேயே மண்ணைக் கொத்தும். இல்லாவிட்டால் பந்தின் தலையைத் தடவிவிட்டுப் போகும். துரை முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் குரலை உயர்த்தினார். ஐந்தாம் நாள் பாதியிலேயே உள்ளே போய்விட்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளைக்குக் கை வரவில்லை, பாவம் என்று நினைத்தேன். என் மட்டைமேல் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், துரை மகள் மூன்று மட்டைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். அந்த நேரம் என் மகள் எனக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவந்து பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். துரை மகள் அவளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"ஆசாரி, மட்டை ஒடிஞ்சுபோச்சுன்னு அப்பாகிட்ட நீ சொல்லிடு. எனக்கு வரல. நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க, அப்பாவுக்குத்தான் வெக்கம்."

மட்டை ஒடியவில்லையே என்றேன். நீ நல்லாத்தான் செஞ்ச, எனக்குத்தான் வரல என்று அவள் மறுபடியும் சொன்னாள். கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் அழவில்லை.

என் மகள் இறங்கி வந்து ஒரு மட்டையை வாங்கிப் பார்த்தாள். சட்டைக்கை தொங்கி விரலை மறைத்ததால், அதை இரண்டு தடவை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டுதான் அவளால் தண்டைப் பிடிக்க முடிந்தது. பிடித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது வளந்த பொறவு பிடிக்கிற மட்டைல்லா? இப்ப இவ எத வச்சு ஆடுவா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவள் கையிலிருந்து மட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். தோல் வார் சுற்றிய பிடி புதிதுபோலவே இருந்தது. அதற்குக் கீழே, வெறும் மரத்தில், சின்ன உள்ளங்கைகளின் வியர்வை படிந்து கறுத்திருந்தது. பிள்ளையின் கை தன் இடத்தைத் தானே தேடிக் கீழே இறங்கியிருக்கிறது! நுனியில் பிடி, நுனியில் பிடி என்று துரை அதட்டும்போதெல்லாம் மேலே ஏற்றியிருக்கிறாள். இறக்கிப் பிடித்த நேரத்தில் மிச்சத் தண்டு வயிற்றில் இடித்ததாம், நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். அது யாரிடமும் சொல்லக்கூடிய விஷயமென்றே அவளுக்குத் தோன்றவில்லை.

கறை தொடங்கிய இடத்திலிருந்து நுனிவரை விரலை வைத்து அளந்தேன். சரியாக நாலு விரற்கடை.

எனக்குச் சுருக்கென்றது. தப்பு முழுக்க என் கையில் இருக்க, ஒரு பிள்ளை ஐந்து நாளாக அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். வாரைப் பிரித்தேன், மூன்று தண்டுகளிலும் நாலு விரற்கடை அறுத்தேன். அந்தச் சின்னக் கைக்குத் தகுந்தபடி இழைப்புளியால் தண்டை மெலிதாக்கி, அரக்கு வைத்து, வாரை மறுபடி சுற்றினேன். தரையில் ஒரு மரக்கட்டையை வைத்து அடிக்கச் சொன்னேன். அவள் வீசிய வேகத்தில் அது போய்ப் பட்டறைக் கதவில் மோதி, என் மகளின் காலடியில் வந்து விழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஃபாக்டரி மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் துரை அந்தப் பிள்ளையைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டே கப்பலேற்றிவிடுவாரே! ஆபீசுக்குப் போய், தப்பு என்னுடையதுதான், வளர்கிற பிள்ளை என்று நீளம் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் மட்டையைப் பார்க்கலை, ஆசாரி. பிள்ளையைத்தான் திட்டினேன்" என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார். மகளிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது, நான் வேண்டுமென்றே பின்தங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் மைதானத்துக்கு மேலே உள்ள ரோட்டோரம் நின்று பார்த்தோம். உள்ளதைச் சொன்னால், அவர்கள் ஜெயிக்கவெல்லாம் இல்லை, கடைசிக்கு முந்தின இடம். ஓர் இடத்தில் துரையே பந்தை ஓடைக்கரைப் புதரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கிருந்து அவள் இரும்புத்தலையால் ஒரே அடி. பந்து எழும்பி ஓடையைத் தாண்டிப் புல்லில் போய் நின்றது. துரை தொப்பியைக் கழற்றி மகளுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவள் சட்டைக்கை என் விரல்களையும் மூடிக்கொண்டு தொங்கியது.

அந்தப் பொங்கலுக்கு மூணாறு கடைத்தெருவில் மடிப்பில்லாத பாவாடையும் கைக்குச் சரியான சட்டையும் எடுத்தேன். புத்தி கெட்டுப்போச்சா, அடுத்த வருசம் எதைப் போடுவாள் என்று என் மனைவி கத்தினாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் மகள் அதைப் போட்டுக்கொண்டு கையை நீட்டி நீட்டிப் பார்த்தாளே, பத்து விரலும் வெளியே தெரிந்தன.

அடுத்த வருடம் துரை ஒருநாள் பட்டறைக்கு வந்து, மகள் கடிதம் எழுதியிருக்கிறாள், மட்டை சின்னதாகிவிட்டதாம் என்றார். அதே மாதம் என் மகளின் பாவாடையும் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அறுத்தது வீணாகிவிட்டதே என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை, மனசு குளிர்ந்தது. இன்றைக்கும் துணிக்கடையில் யாராவது, வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே கொடுங்கள் என்று கேட்டால், என் கண் தன்னால் அந்தப் பிள்ளையின் கைக்குத்தான் போகிறது. அடுத்த வருடத்துப் பிள்ளைக்கு எல்லோரும் அளவெடுக்கிறோம், இன்றைக்கு நம் எதிரே நிற்கிற பிள்ளையை ஒரு தடவை அளந்து பார்க்க எனக்கு இன்னொரு பிள்ளைதான் சொல்ல வேண்டியிருந்தது.