கொதிக்காத தண்ணீர்

அலுவலக மெஷின் டீயில் இன்று ஏலக்காய் வாசம் அடித்ததும், ஜீப்பு ரோடு வந்தபின் காணாமல்போன ராவுத்தர் கடை நினைவுக்கு வந்தது. குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் பாதையில், களைத்து வந்தவர்கள் அங்கே டீ குடித்ததும் புதுக்கால் முளைத்ததுபோல் நடப்பார்கள். அம்மாவுக்கு அதில்தான் சந்தேகம்.

“எதையோ கலக்குறாரு” என்று என் காதில் சொல்லிவிட்டு, தலைச்சுமையோடு அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“தண்ணி இன்னும் கொதிக்கல, ஆத்தா. சுமைய எறக்கிவச்சுட்டு உக்காரு” என்பார் ராவுத்தர், எப்போது போனாலும்.

கடைசியில் உட்காருவாள்; மூச்சு அடங்கும்; அப்புறம்தான் டீ வரும். அவர் கையையே பார்த்தவள் அடுப்பைப் பார்க்கவே இல்லை. நாங்கள் வரும்போதே குண்டான் மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கும்.

மெஷின் டீ பொத்தானை அழுத்தியதும் வந்துவிடுகிறது. இதில் எதையோ கலக்காமல் விட்டிருக்கிறார்கள்.